பஞ்சப்படியும் புதன்கிழமைச் சாமியும்

பூந்தமல்லியில் மணவாளனிடம் போய் சர்க்காரைக் குறை சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பித்து வந்ததில்லை.

"இன்னா பேசுற நீ? போன ஜெர்மன் சண்டையில, பஸ்ராவுல, இந்த முட்டிய குடுத்தேன். அதுக்கு சர்க்காரு மாசம் ஏழு ரூபான்னாங்கோ. அன்னிக்கும் ஏழு, இன்னிக்கும் ஏழு. ஒரு தம்பிடி கொறைச்சானா? சொல்லு பாக்கலாம்!" என்று நடுத்தெருவில் மடக்கிக்கொள்வார்.

குறைக்கவில்லைதான். கூட்டவும் இல்லையே என்று கேட்க யாருக்குத் தைரியம்? கேட்டால் வேட்டியைத் தூக்கி, குண்டு நுழைந்த வழி, வெளியே வந்த வழி இரண்டையும் காட்டித்தான் ஆளை விடுவார். பட்டாளத்தில் அவர் நாயக். சிப்பாய்க்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே. கையில் இருந்த இரண்டு பட்டை போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குரலில் இருந்த பட்டை மட்டும் போகவே இல்லை. பக்கத்துத் தெரு நாய்கூட அவர் "ஹால்ட்!" என்றால் நின்றுவிட்டுத்தான் யோசிக்கும்.

இப்போது நடப்பது புதுச் சண்டை. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். பர்மா அரிசி ஏற்றி வரும் கப்பல் நின்றது. அது நின்றதோ இல்லையோ, பூந்தமல்லிக் கடைத்தெருவில் அரிசி விலைக்குக் கொம்பு முளைத்தது. ரூபாய்க்கு ஆறு படி அளந்து போட்ட அதே செட்டி, அதே கையால், அதே சிரிப்போடு ரூபாய்க்கு இரண்டு படி அளந்து போட்டான். அதிலும் கல். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் வேறு ஊரில் வந்து நிறைந்திருந்தார்கள். எல்லாருக்கும் வயிறு இருந்தது, என்ன செய்வது?

இத்தனைக்கும் நடுவில் மணவாளனின் தட்டில் மட்டும் சோறு குறையவே இல்லை. காலையில் பழையது, மத்தியானம் மலை மாதிரிச் சோறு, ராத்திரி அதில் பாதி. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுவிட்டு, சர்க்காரை வாழ்த்திவிட்டுப் படுப்பார்.

காரணம், அவர் பெண்டாட்டி கன்னியம்மாளின் பக்தி.

கன்னியம்மாளுக்குச் சனிக்கிழமைப் பெருமாள் விரதம் எப்போதிருந்தோ உண்டு. விரதம் என்றால் பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி ஒரு குவளைக் கஞ்சி. அப்புறம் ஒரு நாள் வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள், திருவேற்காட்டு அம்மனுக்கு என்றாள். பிறகு திங்கட்கிழமை ஈஸ்வரனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழக்கிழமைக்குச் சாமி அகப்படாமல் கொஞ்ச நாள் திண்டாடியவள், தர்காவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். மணவாளனுக்கு அதிலும் பெருமைதான். நம் வீட்டுப் பெண்பிள்ளைக்கு எம்மதமும் சம்மதம் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியாகப் புதன்கிழமையும் வந்து சேர்ந்தபோதுதான் அவரே கொஞ்சம் முழித்தார்.

"புதன்கெழம எந்த சாமிமே?"

கன்னியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். "அதெல்லாம் ஆம்பளைங்களுக்குச் சொல்லக் கூடாத சாமி. நீ துன்னு."

ஆம்பளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று பட்டாளத்து ஒழுங்கோடு சொல்லிவிட்ட பிறகு மேலே கேட்பாரா? துன்னார். அவள் கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியதைப் பார்த்து, வளையல்காரன் அளவு தெரியாமல் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் தேடிப்போய் நாலு வார்த்தை வேறு திட்டிவிட்டு வந்தார். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது! ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது, வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அரிசி ஏற ஏற அந்த வீட்டில் சாமிகள் பெருகிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் விஷயம்.

அவருடைய சிநேகிதர் நஜீருக்கு இது அரைகுறையாகத் தெரியும். நஜீரும் அதே பிளட்டூனில் சிப்பாயாக இருந்தவர், பஸ்ராவில் மணவாளனைத் தோளில் தூக்கிவந்தவர். இப்போது கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தார். பென்ஷன் அவருக்கு அஞ்சு ரூபாய்.

"மச்சான், ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் பழைய ரவிக்கைய எடுத்தாந்து புடிச்சித் தெச்சிக் குடுன்னு கேக்குறாங்கோ. தெனம் நாலு ரவிக்கை. எல்லாம் புடிக்கறதுதான். ஒண்ணுகூடப் பிரிக்கறது இல்ல."

"புது பேஷனா இருக்கும் பாய்," என்றார் மணவாளன்.

நஜீர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிஷினை மிதித்தார். அவர் மட்டும் என்ன வாழ்ந்தார்? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ரவிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நஜீர்தான் ஒரு நாள் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பட்டணத்தில் சர்க்கார் குமாஸ்தாக்களுக்கெல்லாம் விலைவாசிக்காகப் பஞ்சப்படி கொடுக்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

"படியா?" என்றார் மணவாளன். "எந்தப் படி? பட்டணம் படியா, நம்ம ஊரு படியா?"

நஜீருக்கும் அங்கேதான் சந்தேகம். "காசா இருக்குமோ, மச்சான்?"

"பாய், புத்திய கித்திய மிஷின்ல உட்டுட்டியா? காசுன்னா பேட்டான்னு சொல்வான், அலவன்சுன்னு சொல்வான். நாம வாங்கல? படின்னா அரிசி அளக்குற படி. பஞ்சம் வந்துடுச்சி, அதனால சர்க்காரு படி படியா அளக்குறான். பஞ்சப்படி! நான் சொல்லல, நம்ம சர்க்காரு கைவுடாதுன்னு?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் இருந்தது. பட்டாளத்தில் அந்தத் தமிழ் வார்த்தையை யார் சொன்னார்கள்? ஆபீஸ் குமாஸ்தாக்கள் கண்டுபிடித்த வார்த்தை ஆபீஸோடு நின்றுவிட்டது. பூந்தமல்லியில் படி என்றால், இரும்புப் பட்டை போட்டு, விளிம்பு தேய்ந்து, அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்திருக்குமே, அதுதான்.

நாலு நாள் கழித்துத் தண்டோராவும் போட்டுவிட்டார்கள். "பழைய பட்டாளத்து பென்ஷன்காரங்கோ அத்தினி பேரும், வர்ற புதன்கெழம காலையில கண்டோன்மென்ட் மைதானத்துக்கு வந்து சேரணும்! பஞ்சப்படி விசாரணைக்கு தொரை வர்றாரு! டும் டும்!"

அவ்வளவுதான். மணவாளனுக்கு இருபத்தைந்து வயது திரும்பிவிட்டது. சென்னீர்குப்பம், வெள்ளானூர் என்று காலை இழுத்து இழுத்து நடந்துபோய் எல்லாப் பென்ஷன்காரர்களுக்கும் ஆர்டர் போட்டார். ஒவ்வொருத்தனும் படியோடு வரவேண்டும். பெரிய படியாக வரவேண்டும். சின்னப் படி கொண்டுவந்து மானத்தை வாங்கினால் அணியில் நிற்கவிட மாட்டார். நாயக் சொன்னால் சிப்பாய் கேட்க வேண்டியதுதானே? கேட்டார்கள். சென்னீர்குப்பத்தில் லோகநாதன் என்று ஒரு பழைய பியூகிள்காரர். முன்பல் இரண்டும் போய், ஊதினால் காற்றுதான் வரும். ஆசை மட்டும் குறையவில்லை. படி என்ன படி என்று பண்ணைவீட்டில் கெஞ்சி, எட்டுப் படி பிடிக்கிற மரக்காலையே கடன் வாங்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்தது. கன்னியம்மாள் தாய்வீட்டுச் சீராக வந்த படியைத் துடைத்துக் கொடுத்தாள். படி போய் ஆழாக்கு ஆழாக்காக அரிசி வாங்க ஆரம்பித்ததிலிருந்து அதை வெளியே எடுக்கவே இல்லை. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நெசமா அரிசி குடுப்பானுங்களா யா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"சர்க்காருமே! ரொப்பிக்கினு வரேன் பாரு. இன்னிக்கு அந்தப் புதன்கெழம சாமிக்கு ஒரு பெரிய பொங்கலே வெச்சிடு."

வாசல் வரைக்கும் வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மைதானத்தில் இருபது இருபத்தைந்து பேர் அணியாக நின்றார்கள். மெடல் இருந்தவர்கள் மெடல் குத்தியிருந்தார்கள். துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் எல்லார் கக்கத்திலும் படி இருந்தது. கடைசியில் லோகநாதன் மரக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பிள்ளை பெற்றவள் மாதிரி நின்றார்.

ஜீப்பில் துரை வந்து இறங்கினார். சின்னப் பையன். மீசைகூட இன்னும் சரியாக வரவில்லை. ஊரெல்லாம் சுதந்திரக் கலகம் நடந்து அடங்கியிருந்த சமயம். கக்கத்தில் ஆளுக்கொரு இரும்புச் சாமானோடு கிழவர்கள் விறைத்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கூட வந்த குமாஸ்தா வீரராகவனை இங்கிலீஷில் கேட்டார், அதெல்லாம் என்னவென்று.

"படி, சார்," என்றார் வீரராகவன்.

படி என்றால் என்ன என்று துரை கேட்டார். வீரராகவன் மாசாமாசம் பஞ்சப்படி வாங்குகிறவர். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "அலவன்ஸ், சார்."

துரை குழம்பிப்போனார். அலவன்ஸ் வேண்டும் என்று கேட்க வந்தவர்கள் அலவன்ஸைக் கையிலேயே எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். கடைசியில் நிற்கிறவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய அலவன்ஸ் என்றும் கேட்டார். வீரராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அணிப்பக்கம் திரும்பினார்.

"ஐயா, யார் உங்களை இதையெல்லாம் தூக்கிண்டு வரச் சொன்னது? பஞ்சப்படின்னா அரிசி இல்லை. சம்பளத்தோட சேர்த்துக் குடுக்கற காசு. அதுவும் வேலையில இருக்கறவாளுக்குத்தான். பென்ஷன்காராளுக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு விசாரிக்கத்தான் துரை வந்திருக்கார். கேட்டா உங்க குறையைச் சொல்லுங்கோ. படியைக் கீழே வையுங்கோ!"

அணியில் இருந்த அத்தனை தலையும் ஒரே சமயத்தில் மணவாளன் பக்கம் திரும்பியது. மணவாளன் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"போவட்டும் மச்சான்," என்று நஜீர் முணுமுணுத்தார். "கொறைய சொல்லச் சொல்றாங்கோ. நல்லா சொல்லிடுவோம். உடாத."

துரை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். தமிழ் தெரியாது. பட்டாளத்தில் கற்ற இந்துஸ்தானியில் ரெண்டு வார்த்தை தெரியும். அணியைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"கோயீ தக்லீஃப்?"

ஏதாவது குறை உண்டா என்று அர்த்தம். அட தெய்வமே, அதை அந்தப் பாஷையில் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா! பட்டாளத்தில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் துரை வந்து இதே கேள்வியைக் கேட்பார். ரொட்டியில் புழு இருந்தாலும், பருப்பில் பருப்பே இல்லாவிட்டாலும் அதற்குப் பதில் ஒன்றுதான். வேறு பதில் சொன்னவன் மறுநாள் வெயிலில் மணல்மூட்டை தூக்குவான். அந்தப் பதில் இவர்கள் எலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. மணவாளனின் மார்பு விரிந்தது, குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன, முதல் குரல் அவரிடமிருந்துதான் வந்தது. மற்ற இருபத்துச் சொச்சம் தொண்டையும் கூடவே கிளம்பிற்று.

"கோயீ தக்லீஃப் நஹீ, சாப்!"

ஒரு குறையும் இல்லை, ஐயா! மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. துரையின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சந்தோஷமான கிழவர்களை அவர் பார்த்ததே இல்லை. வீரராகவன் பேனாவைத் திறந்தார், ஒரு வரி எழுதினார், மூடினார். விசாரணை முடிந்தது.

"அடப்பாவி மச்சான்," என்றார் நஜீர், உதடு அசையாமல். "இன்னாடா பண்ணிட்டோம்!"

படி கொண்டுவரச் சொன்னதும் மணவாளன், முதலில் கத்தியதும் அவர். எதையாவது சொல்லி இதைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தது. நாக்கு வரவில்லை. சர்க்காரைக் குறை சொல்லிப் பழகாத நாக்கு, திடீரென்று எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

துரை கிளம்புமுன், முன்வரிசையில் மெடலோடு நின்ற நாயக்கிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசலாம் என்று வந்தார். வீட்டில் சௌக்கியமா, மனைவி சௌக்கியமா என்று வீரராகவன் மூலமாகக் கேட்டார்.

மணவாளனுக்கு உயிர் வந்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் எப்போதும் தயார்.

"நல்லா கீறா சாப். பெரிய பக்திக்காரி. வாரத்துல ஆறு நாளு வெரதம்!"

துரைக்கு ஆச்சரியம். சிறு வயதிலிருந்தே அப்படியா என்று கேட்டார்.

"இல்ல சாப். சனிக்கெழம மட்டுந்தான் மொதல்லேர்ந்து. வெள்ளிக்கெழம வந்து..." மணவாளன் கணக்குப் போட்டார். "ரங்கூன் உழுந்துச்சே, அப்ப. திங்கக்கெழம, ரூபாய்க்கு நாலு படின்னு ஆச்சி பாரு, அந்த மாசம். செவ்வாக்கெழம, மூணரை படி. வியாழக்கெழம..."

அவர் வேறு எப்படிச் சொல்வார்? அந்த வருஷங்களில் ஊரே அரிசி விலையை வைத்துத்தான் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் வியாழக்கிழமைக்கு வந்தபோது அவர் குரல் மெதுவாகிவிட்டது.

"வியாழக்கெழம, மூணு படி."

இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறதே, அது எந்தச் சாமிக்கு என்று துரை கேட்டார்.

"அது புதன்கெழம... ஆம்பளைங்களுக்குச் சொல்லக் கூடாத சாமி, சாப்."

லோகநாதன் பொக்கை வாயால் கெக்கே என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றுபோயிற்று. அவர் வீட்டிலும் ஏதோ சாமி இருந்திருக்கும்.

"ரெண்டு படி," என்றார் மணவாளன். அதை யாரும் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வளையல் ஞாபகம் வந்தது. காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. தன் தட்டில் மலை மாதிரி இருந்த சோறு ஞாபகம் வந்தது. பக்கத்தில் நஜீர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் ஊட்லகூட அப்படித்தான் மச்சான். ரம்ஜான் முடிஞ்சி ஆறு மாசம் ஆவுது. ஜுலைகா இன்னும் நோன்பு வெச்சிகினு கீறா. பாக்கி நோன்புன்னு சொல்றா. நானும் தெரியாத மாரி துன்னுகினு கீறேன்."

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். அப்போது மணவாளன் ஓர் அடி முன்னால் வந்தார். கூப்பிடாமல் அணியைவிட்டு வருவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்குத் தெரியும். இப்போது எடுத்த குரலில் பட்டை இல்லை.

"தக்லீஃப் ஹை, சாப்."

குறை இருக்கிறது, ஐயா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

துரை திரும்பிப் பார்த்தார். மணவாளன் காலிப் படியை நீட்டினார். "இத ஏழு ரூபா ரொப்பிச்சி, சாப். எத்தினி தபா ரொப்பிச்சி! அதே ஏழுதான் குடுக்குறீங்கோ, ஆனா ரொம்ப மாட்டேங்குது. ஏழ பத்தாக்கு, பாஞ்சாக்குன்னு நான் கேக்கல. இது ரொம்பணும். அரிசி ஏறினா பென்ஷனும் கூட ஏறணும். எறங்கினா எறக்கிக்கோ, நான் ஒண்ணும் சொல்லல—"

"எறக்கறத எல்லாம் நீ ஏண்டா சொல்லிக் குடுக்கற!" என்று நஜீர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு தானும் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். "தக்லீஃப் ஹை, சாப்."

லோகநாதன் மரக்காலோடு வந்தார். அவருக்கு முன்பல் இல்லாததால் அது 'தக்லீப்பே' என்று வந்தது. ஆனாலும் புரிந்தது. அப்புறம் ஒவ்வொருத்தராக முன்னால் வந்தார்கள். மொத்த அணியும் ஓர் அடி நகர்ந்துவிட்டதால் மறுபடி நேராகவே நின்றது.

வீரராகவன் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தார். கடைசியில் துரையைக் கேட்காமலே, எழுதிய வரியை அடித்துவிட்டார். துரை படிக்குள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கன்னியம்மாள் துடைத்ததில் தப்பித்த சிலந்தி ஒன்று மட்டும் இருந்தது. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று சொன்னார். தன்னால் கொடுக்க முடியாது, ஆனால் எழுதுகிறேன் என்றார்.

மணவாளன் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். நேரே அடுப்பங்கரைக்குப் போனார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போனதில்லை. பானையைத் திறந்தார். ஒரு ஆளுக்கான சோறு இருந்தது. ஒரு ஆளுக்கென்றே கணக்காக வடித்த சோறு.

"இன்னாயா, படி காலியா கீது?" என்று கேட்டபடி வந்தாள் கன்னியம்மாள்.

"ஒக்காரு," என்றார். இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

"ஐயே, எனக்கெதுக்கு? இன்னிக்கு வெரதம். பாதியில உட்டா தெய்வகுத்தம் யா."

"பேரே தெரியாத சாமி. அதுக்கு நம்ம ஊடு எங்க தெரியப்போவுது? ஒக்காருமே!" பானையை நடுவில் இழுத்து வைத்தார். "என்னிய இப்படி ஏமாத்தி வெச்சிட்டியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

கன்னியம்மாளுக்குப் புரிந்தது. முந்தானையை முறுக்கிக்கொண்டாள். "சொன்னா நீ துன்ன மாட்ட. அதுமில்லாம, சர்க்காரு குடுக்கற ஏழு ரூபாய ஊரெல்லாம் பெருமையா பேசிகினு திரியற. அத ஏன் கெடுக்கணும்னுதான்," என்றாள்.

மணவாளன் சோற்று மலையை இரண்டாகப் பிரித்தார். இரண்டும் குன்றுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதம் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அரை வயிறு. மணவாளனின் சட்டையையும் நஜீர் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். "புது பேஷன் மச்சான்," என்றார். கடைத்தெருவில் யாராவது சர்க்காரைக் குறை சொன்னால், கூடவே நின்று நாலு சொன்னார்.

ஆறு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பென்ஷன்காரர்களுக்கு, சண்டை முடிகிற வரைக்கும் தற்காலிகமாக, மாசம் ஒன்றே கால் ரூபாய் கூட. படி நிரம்ப அது எந்த மூலைக்கு? சர்க்கார் என்ன படியைக் கண்டதா? இருந்தாலும், ஏழு என்ற எண் அசைந்ததே ஊரில் பெரிய அதிசயமாக இருந்தது. லோகநாதன் பியூகிளை எடுத்து ஊதினார். காற்றுதான் வந்தது.

அந்தப் பணம் வந்தது ஒரு புதன்கிழமை. மணவாளன் அரிசி வாங்கிவந்து, தானே வடித்து, கொஞ்சம் குழைத்தும்விட்டு, கன்னியம்மாளை உட்காரவைத்துப் பரிமாறினார்.

"புதன்கெழம சாமி போச்சி," என்றாள் அவள்.

"செவ்வாக்கெழமையும் போவட்டும். கொஞ்சங் கொஞ்சமா எல்லாத்தையும் தொரத்திடலாம். இன்னும் கேப்போம், எழுதிப் போடுவோம். வாரா வாரம் போயி தக்லீஃப்னு கத்துவோம். சனிக்கெழமையக்கூட உட்டுடு."

"அத உடமாட்டேன்."

"ஏன்? அரிசி நல்லா கெடச்ச காலத்துலயே அத எதுக்குப் புடிச்ச?"

கன்னியம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நீ பஸ்ராவுல கீறப்ப எட்டு மாசம் கடுதாசியே வரல பாரு, அப்ப புடிச்சது. வெள்ளிக்கெழம, திங்கக்கெழம எல்லாம் அரிசிக்கு. அது உனக்கு."

மணவாளன் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். இருபத்தைந்து வருஷமாக வாராவாரம் அவள் எதிரே பட்டினியாக உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள் எல்லாம் கண்முன் வந்தன. அவற்றில் ஒன்றில்கூட ஏன் என்று அவர் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று, மார்பை விரித்து, விறைத்து நின்று, பட்டாளத்துக் குரலில் கேட்டார்.

"கோயீ தக்லீஃப்?"

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. சோறு போதுமான்னு கேட்டேன்."

கன்னியம்மாள் தட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை முன்னால் தள்ளினாள்.

"போதல. இன்னும் ஒரு கரண்டி போடு."

அவர் இரண்டு கரண்டி போட்டார்.